குரவையும் வள்ளி கும்மியும்

மதுரைப் புறஞ்சேரியில், ஆயர் வீட்டில் பால் உறையவில்லை. ஏற்றின் கண்ணில் நீர் வழிகிறது. உறியிலிருந்த வெண்ணெய் உருகவில்லை, ஆட்டுக்குட்டிகள் துள்ளவில்லை, பசுக்களின் கழுத்துமணி அறுந்து விழுகிறது. ஏதோ கேடு வரப்போகிறது என்று உணர்ந்த மாதரி, குரவை ஆடுவோம் என்கிறாள். ஏழு கன்னியருக்கு ஏழு சுரங்களின் பெயரை இட்டு, அவர்களுள் மூவரைக் கண்ணனாகவும் பலராமனாகவும் நப்பின்னையாகவும் பாவித்து, கைகோத்து ஆடவைக்கிறாள். ஆட்டத்தின் களிப்பை எழுதப் புகுவோர் பெரும்பாலும் திருவிழாவிலிருந்து தொடங்குவார்கள். சிலப்பதிகாரத்தில் இளங்கோ அச்சத்திலிருந்து தொடங்குகிறார்.

அதே காப்பியத்தில் மாதவிக்கு அளந்து கட்டிய அரங்கு உண்டு. தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்னும் உண்டு. அங்கே ஆடுபவர் வேறு, காண்பவர் வேறு. குரவைக்கு இந்தப் பிரிவினை கிடையாது. வட்டத்துக்குள் நுழைந்தவரெல்லாம் ஆடுநரே. நமது திரைப்படம் தேர்ந்துகொண்டது மாதவியின் வழியைத்தான். 1948-இல் ‘சந்திரலேகா’வின் முரசு நடனம் கண்டு பிரமித்தோம். 1989-இல் ‘கரகாட்டக்காரன்’ வந்தபோது, ஊர்த் தெருவில் நின்று பார்த்த கரகத்தைச் சீட்டு வாங்கிப் பார்த்தோம். குறையாகச் சொல்லவில்லை, அந்தப் படம் கரகத்தை எத்தனையோ வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது. ஆனால் வட்டத்தில் கால்வைக்கும் இன்பத்தைத் திரையால் தர இயலாது.

அந்த இன்பம் இன்று பொங்கி நிற்கும் இடம் கொங்குநாடு. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் மாலையானால் ஊர்ப் பொதுவிடங்களில் வள்ளி கும்மிப் பயிற்சி நடக்கிறது. ஆசிரியர் பாட, பாட்டியும் பேத்தியும் ஒரே வரிசையில் அடியெடுத்து வைக்கிறார்கள். அரங்கேற்றம் என்றால் நூற்றுக்கணக்கானோர் ஒன்றாக ஆடுவது. முன்பு இது பெரும்பாலும் ஆண்கள் ஆடிய ஆட்டம். பெண்களுக்கும் கற்பித்து அந்த வழக்கத்தை மாற்றியவர்களுள் ஒருவர் கோவை மாவட்டத்தின் எம். பத்ரப்பன்; 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

தொல்காப்பியப் புறத்திணையியல் சுட்டும் ‘வள்ளி’ ஒரு கூத்து என்று உரையாசிரியர்கள் கொள்வர். அதிலிருந்து இன்றைய கும்மிக்கு நேர்கோடு இழுப்பதற்குச் சான்று போதாது. ஆயினும் இளங்கோ காட்டும் குன்றக் குரவையில் மலைவாணர் பாடுவது முருகனையும் அவன் மணந்த குறமகளையும்தான். அவள் எங்கள் குலத்து மகள் என்பதே அவர்களுடைய பெருமிதம்.

கும்மியின் கதை நாம் அறிந்ததே: தினைப்புனம் காக்கும் பெண்ணை வேடனாகவும் கிழவனாகவும் வந்து மயக்குகிறான் முருகன், தம்பிக்குத் துணையாக யானை உருவில் வருகிறார் பிள்ளையார். பெண்வீட்டார் அறியாத களவுக் காதல் அது. அண்மையில் ஒரு கும்மி மேடையில், சொந்தச் சாதியிலேயே மணமுடிப்போம் என்று ஆடவந்த பெண்களிடம் உறுதிமொழி வாங்கியதாகச் செய்தி வந்தது. வாங்கியவர் அன்று பாடிய பாட்டைத் தாமே காதுகொடுத்துக் கேட்கவில்லை போலும். குறவர் மகள் தேவசேனாபதியைக் கைப்பிடிக்கும் இடத்தில்தான் அடிகள் வேகமெடுக்கின்றன. ஆடுவோருக்கு மூச்சு வாங்குகிறது, வட்டத்துக்கு வெளியே நிற்பவர்களும் கைதட்டத் தொடங்குகிறார்கள்.