மதுக்கூடத்தின் கதவும் வீட்டின் கதவும்

வேலை முடிந்த மாலையில் இளைப்பாற எங்கே போவது? மதுக்கூடத்துக்கா, வீட்டுக்கா? நெடுங்காலம் இந்தத் தேர்வு ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் பொது மதுக்கூடத்தில் பெண்களுக்கு மது கொடுப்பதைச் சட்டமே தடுத்திருந்தது.

ஆண்கள் அங்கே போனது குடிக்க மட்டும் அல்ல. வேலை, சம்பளம், தொழிற்சங்கம், அரசியல் என்று எல்லாப் பேச்சும் அங்கே நடந்தது. பெண்களுக்குச் சில விடுதிகளில் 'மகளிர் கூடம்' என்ற தனி அறை உண்டு. அங்கே அதே பீருக்கு விலை கூடுதல்.

1965 மார்ச் 31 அன்று மெர்ல் தார்ன்டன், ரோசலி போக்னர் என்ற இரு பெண்கள் பிரிஸ்பேன் நகரின் ரெகாட்டா ஹோட்டலுக்குள் நுழைந்து மது கேட்டார்கள். மறுத்தார்கள். உடனே, மதுமேடையின் கீழே ஆண்கள் கால் வைத்து நிற்கும் கம்பியோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். காவலர்கள் வந்தார்கள், செய்தி நாடெங்கும் பரவியது.

இதைக் குடிப்பதற்கான போராட்டம் என்று சுருக்கிவிடக் கூடாது. அதே ஆண்டில் தார்ன்டன் பெண்களின் சம வாய்ப்புக்காக ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அன்று ஆஸ்திரேலியக் கூட்டரசுப் பணியில், மணமான பெண் நிரந்தர ஊழியராக நீடிக்க முடியாது. அந்த விதியை ஒழிப்பது சங்கத்தின் முக்கிய நோக்கம். 1966இல் விதி நீங்கியது. மதுக்கூடத் தடை 1970இல் நீங்கியது. இரண்டு விதிகளுக்கும் அடித்தளம் ஒன்றுதான்: பெண்ணின் இடம் வீடு.

ஆனால் அந்த வீடு அவளுக்கு இளைப்பாறும் இடமாக இருந்ததா? ஆணுக்கு வேலை முடியும் இடத்தில் அவளுக்கு வேலை தொடங்குகிறது. சமையல், துணி, குழந்தை எல்லாம் அவள் கையில். வீட்டின் சுகம் என்று அவன் சொல்வது அவள் உழைப்பைத்தான். அவன் வெளியே உட்கார்ந்து பேச முடிந்ததும் அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான்.

சட்டம் மாறியதும் மதுக்கூடத்தின் கதவு திறந்தது. வீட்டுவேலையைப் பங்கிடச் சொல்லும் சட்டம் எதுவும் வரவில்லை. "எனக்கு வீடே போதும்" என்று ஒரு பெண் சொன்னால், அது விருப்பமா வழக்கமா என்று அறிய ஒரு வழி உண்டு: அந்த வீட்டில் அவள் எப்போது உட்காருகிறாள் என்று பாருங்கள்.