தாலியும் தாளும்: மலேசியாவில் மரபுரிமைச் சட்டம் வளர்ந்த வரலாறு

ஒரு சமுதாயம் கைம்பெண்ணுக்கும் மகளுக்கும் அளிக்கும் மதிப்பை அறிய, இறந்தவரின் சொத்து அங்கு எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதை ஆராய்ந்தால் போதும். மலாயாவுக்கு வந்த தமிழர்கள் தம் மொழியையும் சமயத்தையும் உடன் கொணர்ந்தனர். தாயகத்தில் அவர்கள் அறிந்திருந்த மிதாட்சர நெறியோ கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் பிறப்பாலேயே பங்காளியாக்கிற்று. கைம்பெண்ணுக்குப் பெரும்பாலும் சீவனாம்சமே உரியதாக்கிற்று.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களில் நிலைமை வேறு. 1826ஆம் ஆண்டின் நீதிப் பட்டயத்தின்வழி ஆங்கிலச் சட்டம் அங்கு வேரூன்றியது. உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தை, இங்கிலாந்தின் 1670ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி பிரிக்கும் முறை வந்தது. கைம்பெண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சியது ஆண், பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகள் அனைவருக்கும் சமமாக. தமிழகத்தில் மகளும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமைப் பங்காளியானது 1989ஆம் ஆண்டில்தான் என்பதை இங்கு ஒப்பிட்டு நோக்குதல் தகும்.

எனினும், மனைவி யார் என்னும் வினா எழுந்தது. 1908ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் முடிவான ‘ஆறு விதவையர் வழக்கு’ இதற்குச் சான்றாகும். சீனச் செல்வர் ஒருவரின் சொத்தில், வழக்காற்று முறைப்படி மணந்த மனைவியரும் மனைவியருக்குரிய பங்கில் உரிமை பெறுவர் என நீதிமன்றம் ஏற்றது. அன்று வழக்காறே சான்றாய் நின்றது.

விடுதலைக்குப் பின், 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் தீபகற்ப மலேசியாவின் முஸ்லிம் அல்லாதார்க்கு உரிய விதிகளை வகுத்தது. அதிலும் ஒரு குறை இருந்தது. கணவன் இறந்தால், பிள்ளைகள் உள்ள மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கே; மனைவி இறந்தாலோ அவள் சொத்து முழுதும் கணவனுக்கே. 1997ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வேற்றுமையை நீக்கியது. அதன்பின் துணைவர் எவராயினும் ஒரே அளவுதான். துணைவர், பிள்ளைகள், பெற்றோர் மூவகையினரும் இருப்பின் முறையே கால், அரை, கால் என்பது கணக்கு. அதுவரை, பிள்ளைகள் இருந்தால் முதிய பெற்றோர்க்குப் பங்கில்லை.

இதற்கிடையே மற்றொரு பெருமாற்றம் நிகழ்ந்திருந்தது. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் சமய முறையிலும் வழக்காற்று முறையிலும் முறையாக நடந்த மணங்கள் பதிவானவையாகவே கருதப்பட்டன. அதன்பின் நடந்தவற்றுக்கோ பதிவு இன்றியமையாததாயிற்று. கோயிலில் ஊரறியத் தாலி ஏறினும், பதிவு இல்லையேல் கணவன் மறைந்தபின் தன் உரிமையை நிலைநாட்டப் பெண் இடர்ப்பட வேண்டியதாயிற்று. பங்கீட்டுச் சட்டம் சட்டப்படியான பிள்ளைகளையும் முறையாகத் தத்தெடுக்கப்பட்டோரையுமே பிள்ளைகளாகக் கொள்வதால், அத்துன்பம் அடுத்த தலைமுறையையும் தொட்டது.

மரணச் சொத்துத் தீர்வை செல்வர்களின் கவலையாயிருந்தது. மலேசியா அதனை 1991 நவம்பர் 1 முதல் நீக்கியது. சிங்கப்பூர் 2008 பிப்ரவரி 15 முதல் நீக்கியது. தோட்டத் தொழிலாளிக்கோ, 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதியே பெரும்பாலும் வாழ்நாள் சேமிப்பு. அதனைப் பெறுவோரின் பெயரைத் தொழிலாளி உயிரோடிருக்கும்போதே பதிந்து வைத்தால், குடும்பத்தின் அலைச்சல் பெரிதும் குறையும்.

தீர்வை ஒழிந்தும் தாளின் தேவை ஒழியவில்லை. உயிலுக்கு இரு சாட்சிகள் வேண்டும்; உயிலால் பயன்பெறுவோரோ அவர்தம் துணைவரோ சாட்சியிட்டால் அப்பயனை இழப்பர். உயில் எழுதியவர் பின்னர் மணம்புரிந்தால், பழைய உயில் பொதுவாகச் செல்லாது. எனவே புதுமணத்துக்குப்பின் புது உயில் எழுதுதல் நன்று.

முந்நூறு ஆண்டுகட்கு முற்பட்ட ஆங்கிலச் சட்டம் முதல் 1997ஆம் ஆண்டுத் திருத்தம்வரை, சட்டம் படிப்படியாகப் பெண்ணுக்குப் பங்கை அளித்தது. ஆனால் அப்பங்கு தானே வீடு தேடி வருவதில்லை. மணப்பதிவுச் சான்றிதழும் சேமநிதி நியமனமும் உயிலும் ஒரு பெட்டியில் ஒழுங்காக இருக்கும் வீட்டிலேயே சட்டம் தந்த உரிமை தடையின்றிக் கைசேரும்.