காற்று மாசும் பெண்களின் கருவளமும்: ஆய்வுகள் கூறுவது என்ன?

தில்லியில் அக்டோபர் இறுதியில் தொடங்கும் மாசுக் காலம் ஜனவரி வரை நீடிக்கிறது. மூச்சுத்திணறல், இருமல், கண் எரிச்சல் ஆகியவையே அப்போது பெரிதும் பேசப்படுகின்றன. ஆனால், காற்று, உணவு, நீர் வழியாக உடலில் சேரும் மாசுப் பொருள்கள் பெண்களின் கருவளத்தையும், குழந்தைப்பேறு சிகிச்சையின் பலனையும் பாதிக்கக்கூடும் என்று பல நாடுகளில் நடைபெற்ற ஆய்வுகள் சுட்டிக்காட்டுகின்றன.

இதற்கு உடலியல் சார்ந்த காரணம் உண்டு. ஆணின் உடலில் விந்தணுக்கள் தொடர்ந்து புதிதாக உற்பத்தியாகின்றன. பெண் குழந்தையோ தனது சினைமுட்டைகள் அனைத்துடனும் பிறக்கிறது. பிறக்கும்போது அவற்றின் எண்ணிக்கை சுமார் 10 முதல் 20 லட்சம். பருவமடையும்போது 3 முதல் 4 லட்சம். அவற்றுள் முதிர்ந்து வெளிப்படுபவை ஏறத்தாழ 400 மட்டுமே. இழந்தவற்றை ஈடுசெய்ய வழியில்லை. 35 வதாவது வயதில் முதிரும் ஒரு முட்டை, அத்தனை ஆண்டுகளும் அவ்வுடல் சந்தித்த சூழலைத் தானும் சந்தித்தே வந்திருக்கும்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 8 ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்ட 3,659 உறைநிலைக் கரு மாற்றங்களின் விவரங்கள், 2024-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் நடைபெற்ற ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவ மாநாட்டில் வெளியிடப்பட்டன. சினைமுட்டை எடுப்பதற்கு முந்தைய 2 வாரங்களில் பி.எம்.10 நுண்துகள் மிகுந்திருந்த பிரிவினருக்கு, மிகக் குறைந்திருந்த பிரிவினரைவிட, உயிருடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு விகிதம் 38 சதவீதம் குறைவாக இருந்தது. உறைநிலைக் கருக்களை ஆராய்ந்ததில் ஒரு நன்மை உண்டு. முட்டை எடுக்கும் காலமும் கருவைக் கருப்பையில் வைக்கும் காலமும் வெவ்வேறாக இருப்பதால், மாசின் தாக்கம் முட்டையிலா, கர்ப்பத்திலா என்று பிரித்தறிய முடிகிறது.

பெர்த் பெரும்பாலான நாள்களில் தூய காற்றுள்ள நகரம் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. பி.எம்.2.5 நுண்துகளின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என உலக சுகாதார அமைப்பு 2021-இல் பரிந்துரைத்தது. இந்தியாவின் தேசியத் தரநிலை 40 மைக்ரோகிராம். வட மாநில நகரங்கள் பல இந்த வரம்பையும் தாண்டியே நிற்கின்றன.

காற்று மட்டுமே காரணமல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிகிச்சை பெற்ற 325 பெண்களிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வில், பூச்சிக்கொல்லி எச்சம் மிகுந்த காய், கனிகளை அதிகம் உண்டவர்களுக்குக் குழந்தை பிறக்கும் வாய்ப்பு, குறைவாக உண்டவர்களைவிட 26 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. எச்சம் குறைந்த காய், கனிகளுக்கு அத்தகைய தொடர்பு இல்லை. எனவே, காய், கனிகளைத் தவிர்க்க வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. அதே ஆய்வுத் திட்டத்தில், நெகிழிப் பொருள்களில் உள்ள பிஸ்பீனால் ஏ சிறுநீரில் அதிகம் காணப்பட்ட பெண்களிடமிருந்து குறைவான முட்டைகளே கிடைத்ததும் முன்னர் பதிவாகியுள்ளது. இந்த வேதிப்பொருள் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போலச் செயல்படக்கூடியது.

புகைபிடிக்கும் பெண்களுக்கு மாதவிடாய் நிறுத்தம் 1 முதல் 4 ஆண்டுகள் முன்னதாகவே வருவது நெடுங்காலமாக அறியப்பட்டது. சிகரெட் புகையில் உள்ள நச்சு ஹைட்ரோகார்பன்கள் விறகு, வறட்டி அடுப்பின் புகையிலும் உள்ளன. 2016-இல் தொடங்கப்பட்ட உஜ்வலா எரிவாயு இணைப்புத் திட்டத்தை இந்தக் கோணத்திலும் பார்க்க வேண்டியுள்ளது.

கருத்தரிப்பு மைய ஆய்வகங்களும் இந்தச் சிக்கலுக்கு விலக்கல்ல. வளர்ப்புத் தட்டில் உள்ள கருவுக்கு நச்சை வடிகட்ட நுரையீரலோ கல்லீரலோ கிடையாது. புதிய வண்ணப்பூச்சு, தரை மெருகு, வாசனைத் திரவியம் ஆகியவற்றின் ஆவிகூட அதன் வளர்ச்சியைப் பாதிக்கலாம். இதனால்தான் இத்தகைய ஆய்வகங்களில் நுண்துகள் வடிகட்டிகளுடன் கரி வடிகட்டிகளும் பொருத்தப்படுகின்றன. சிகிச்சைக்கு வரும் தம்பதியரிடம் வாசனைத் திரவியம் பூச வேண்டாம் என்றும் கூறப்படுகிறது.

இவை பெரும்பாலும் தொடர்பைக் காட்டும் ஆய்வுகளே. காரணத்தை உறுதிப்படுத்துபவை அல்ல. சிகிச்சையின் வெற்றியைத் தீர்மானிப்பதில் பெண்ணின் வயதுக்கே இன்றும் முதலிடம். விந்தணுவையும் மாசு பாதிக்கிறது என்பதற்குச் சான்றுகள் இருந்தும், குழந்தையின்மைக்கான பழி இன்னும் பெண் மீதே சுமத்தப்படுகிறது. உணவுப் பாத்திரத்தையும் வாசனைத் திரவியத்தையும் மாற்றிக்கொள்ளலாம். சுவாசிக்கும் காற்றை எந்தத் தம்பதியரும் தனியாக மாற்ற இயலாது.

கருத்தரிப்பு மையங்களின் சிகிச்சை முடிவுகளைத் தேசியப் பதிவேட்டில் சேர்க்க 2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் வகை செய்கிறது. காற்றின் தரத்தை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாள்தோறும் பதிவு செய்கிறது. இவ்விரண்டையும் இணைத்து ஆராய்ந்தால், பெர்த்தில் எழுப்பப்பட்ட கேள்விக்கு இந்திய நகரங்களிலிருந்தும் விடை பெற முடியும்.