விரல் அறியும் இசை

குறிஞ்சாக்கேணிக் கரையில் இரவில் தூண்டில் இடுவோர் மீன் கொத்துவதைக் கண்ணால் காண்பதில்லை. நூலின் துடிப்பை விரலே சொல்லிவிடும். நரம்புக் கருவி பயில்வார்க்கும் அவ்வறிவே முதல்.

பழைய யாழில் நரம்புக்கு ஒரு சுரம். வீணையிலோ ஒரே தந்தியில் பல சுரங்கள் பிறத்தல் வேண்டும். ஆதலின் கரி கலந்த தேன்மெழுகில் 24 மெட்டுகளைப் பதித்தனர். இவ்வமைப்பை நிலைநிறுத்தியவர் 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் என்பது மரபு. மேளம் கட்டுவோர் செவியால் இடங்கண்டு பதித்த மெட்டை, வாசிப்போர் விரலால் தடவி அறிவர். மேற்சுரங்களை நோக்கிச் செல்லச் செல்ல மெட்டுகள் நெருங்கி வருவதும் விரலுக்கு ஒரு குறிப்பேயன்றோ!

வயலினுக்கு மெட்டே இல்லை. ஆயினும் நம்மவர் தரையில் அமர்ந்து அதன் தலையைக் கணுக்காலில் ஊன்றுவதால் இடக்கை தடையின்றி ஓடும். கழுத்து உடலோடு சேருமிடத்தில் கை முட்டும். அதுவே எல்லைக்கல்.

1937இல் கல்கத்தாவிற் பிறந்த எம். சந்திரசேகரன் குழந்தைப் பருவத்திலேயே பார்வை இழந்தவர். எழுதிய சுரத்தைப் பார்த்து வாசிக்க வழியில்லை. அன்னையார் சாருபாலா மோகன் கற்பிக்க, கேட்டதை விரலில் ஏற்றிக்கொண்டார். மெட்டில்லாத அக்கருவியை வாசித்தே 2005இல் சென்னை மியூசிக் அகாடமியின் 'சங்கீத கலாநிதி' ஆனார்.