கூஜாவும் பீங்கானும்

விருத்தாசலத்துச் சூளைகளில் வேகும் பீங்கானுக்கும், நம் பாட்டனார் ரயில் பயணத்தில் கைவிடாத கூஜாவுக்கும் ஓர் உறவுண்டு. இரு சொற்களும் பாரசீகத்திலிருந்து உருது வழியே தமிழுக்கு வந்தவை. அங்கே 'கூஸா' என்பது மண்குடுவை. இங்கே அது பித்தளையாயிற்று. திருகுமூடி, தூக்கிச் செல்லக் கைப்பிடி, குலுங்கினாலும் சிந்தாத அமைப்பு. இந்நுட்பத்துக்குத் தாகத்தோடு ஆசாரமும் காரணம்: பிறர் தொட்ட நீர் ஆகாது. 1947க்கு முன் ரயில் நிலையங்களிலேயே இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனியே தண்ணீர் வைத்திருந்தார்கள். வசதி படைத்தவரின் கூஜாவையோ பணியாள் சுமந்தார்.

பிளாஸ்டிக் புட்டி வந்தபின் கூஜா பரணேறியது. 'கூஜா தூக்குதல்' என்ற வசை மட்டும் தங்கிவிட்டது. சுமக்க வைத்தவரை விட்டுவிட்டுச் சுமந்தவரையே அது இன்றும் பழிக்கிறது.