தாராவித் தமிழரும் தபால் நிலையமும்

பம்பாய் வந்த தமிழரின் வரலாற்றை எழுதுவோர் தோல் பதனிடும் சாலைகளையும் பஞ்சாலைகளையும் இருப்புப்பாதையையும் மறவாது குறிப்பிடுவர். தபால் நிலையத்தைக் குறிப்பிடுவோர் அரியர். அக்குறையை ஓரளவேனும் போக்க இங்கு முயல்கின்றோம்.

1854-ஆம் ஆண்டு அக்டோபர் 1 முதல், கால் தோலா எடையுள்ள கடிதத்துக்குத் தூரம் எதுவாயினும் அரையணாவே கட்டணம் என்றாயிற்று. 1871-இல் பம்பாய்ப் பாதையும் சென்னைப் பாதையும் ராய்ச்சூரில் இணைந்தன. (இருப்புப்பாதை எழுத்தராகிய நாம் இதைச் சொல்லாது விடுவோமா?) 1879-இல் காலணா அஞ்சலட்டையும், 1880-இல் மணியார்டரும், 1882-இல் தபால் நிலையச் சேமிப்பு பாங்கியும் வந்தன.

திருநெல்வேலிச் சீமையினின்று தாராவித் தோல் சாலைகளுக்கு வந்தோர்க்கு இவற்றுள் உயிர்நாடியாக விளங்கியது மணியார்டரே. எழுதப் படிக்க அறியாதார்க்குப் பெரிய தபால் நிலையத்தின் எதிரே அமர்ந்திருந்த எழுத்தர்கள் கூலிக்குப் படிவம் நிரப்பித் தந்தனர். படிவத்தின் ஓரத்தில் நாலு வரி எழுத இடமுண்டு. வட்டிக்கு இவ்வளவு, தம்பியின் பள்ளிச் சம்பளத்துக்கு இவ்வளவு என்று ஒரு குடும்பத்தின் நிர்வாகமே அந்நாலு வரியில் நடந்தது. ஊரில் பணம் பட்டுவாடா ஆனபின் ஒப்புதல் சீட்டு திரும்பி வரும். அதில் தாயின் கைநாட்டு இருக்கும். அம்மை நலமாயிருக்கிறாள் என்பதற்கு அந்த மைரேகையே சான்று. எத்தனையோ டிரங்குப் பெட்டிகளில் அச்சீட்டுகள் கட்டுக்கட்டாய்ப் பாதுகாக்கப்பட்டன.

கதவிலக்கமற்ற சந்துகளில் ஆளைப் பெயரால் அறிந்த அரசு ஊழியர் தபால்காரர் ஒருவரே. 1976-ஆம் ஆண்டுக் குடிசைக் கணக்கெடுப்புக்குப் பின்னரே பலர் புகைப்படச் சீட்டுப் பெற்றனர். அதற்கு வெகுகாலம் முன்னரே அவர்களைத் தேடிக் கடிதம் வந்துகொண்டிருந்தது. 1972-இல் அஞ்சல் குறியீட்டு முறை ஏற்பட்டது. தாராவிக்குரிய எண் 400017.

தந்தி 2013-இல் நின்றது. பழைய மணியார்டர் 2015-இல் முடிந்தது. பதிவுத் தபால் 2025-இல் விரைவு அஞ்சலோடு இணைந்தது. இன்று கைப்பேசியில் நொடியில் பணம் போகிறது. இதை நாம் குறை கூறோம். இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய் கட்டணம் கொடுத்தவர்க்கே இதன் அருமை தெரியும். ஆயினும் முதியோரின் சிறுசேமிப்புக்கும், பெண்மகவின் பெயரில் தொடங்கும் கணக்குக்கும், கைப்பேசியில் எண்களை அழுத்தத் தடுமாறுவோர்க்கும் நடந்து செல்லும் தொலைவில் ஒரு சாளரம் வேண்டும். வருமானம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் ஏழைப் பேட்டையின் தபால் நிலையம் என்றும் நட்டக் கணக்கிலேயே நிற்கும்.

2022-இல் ஏலம் முடிவாகி, தாராவியை மாற்றிக் கட்டும் வேலை தொடங்கியுள்ளது. வீட்டின் சதுர அடியைப் பற்றி எல்லோரும் கேட்கின்றனர், கேட்கவேண்டியதே. புதிய வரைபடத்தில் தபால் நிலையத்துக்குத் தரைத்தளத்தில் இடம் எங்கே என்பதையும் உடன் கேட்போம். சங்கத்தார் மனு எழுதிக் கையொப்பம் திரட்ட முன்வருவராயின், ஞாயிறுதோறும் சந்து சந்தாய் உடன்வர நாமும் சித்தமாயிருக்கின்றோம்.