ஹராமான நேரமும் களாத் தொழுகையும்: ஒரு பள்ளத்தாக்கு, இரண்டு விளக்கங்கள்

புறக்கோட்டைப் பள்ளியொன்றில் அஸர் ஜமாஅத் முடிந்த கையோடு, வயதான நாட்டாமை ஒருவர் மீண்டும் தக்பீர் கட்ட எழும்பினார். பக்கத்திலிருந்த இளைஞர் தடுத்தார்.

"காக்கா, அஸருக்குப் பொறகு தொழப்படாது. ஹராமான நேரம்."

"சுன்னத்து இல்ல தம்பி. லொறியில சாமான் எறக்கினதுல ளுஹர் களாவாப் போயிட்டு."

"என்னெண்டாலும் தொழப்படாதுதான்."

பெரியவர் ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனார். நானும் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து இந்த விடயம் மனதில் கிடந்து உறுத்துகிறது.

இளைஞர் சும்மா சொல்லவில்லை. சூரியன் உதிக்கும்போதும், உச்சியில் நிற்கும்போதும், மறையும்போதும் தொழ வேண்டாமென நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை உக்பா இப்னு ஆமிர் (ரழி) அறிவிக்கிறார். சூரியனை வணங்குவோர் அதற்குச் சுஜூது செய்யும் நேரங்கள் உதயமும் அஸ்தமனமும் என்ற காரணம் அம்ர் இப்னு அபஸா (ரழி) அவர்களின் அறிவிப்பில் உண்டு. சுபஹு தொழுததிலிருந்து சூரியன் உதிக்கும்வரையும், அஸர் தொழுததிலிருந்து மறையும்வரையும் தொழுகை இல்லை என்ற ஹதீஸ்களும் ஸஹீஹானவையே. ஷாபிஈ நூல்கள் ஐந்து நேரம் என்று எண்ணுவது இவற்றைச் சேர்த்துத்தான்.

ஆனால் அதே ஹதீஸ் கிரந்தங்களில் இன்னொரு கட்டளையும் இருக்கிறது. மறந்தவரோ தூங்கியவரோ நினைவு வந்ததும் தொழட்டும். அதைத் தவிர வேறு பரிகாரம் இல்லை என்பது அனஸ் (ரழி) அவர்களின் அறிவிப்பு. "இப்போது தொழாதே" என்கிறது ஒன்று. "நினைத்தவுடன் தொழு" என்கிறது மற்றது. எது எதைக் கட்டுப்படுத்தும்? இதற்கு விடை தேடிய இமாம்கள் நபியவர்களின் வாழ்வில் நடந்த சம்பவங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

ஹிஜ்ரி 5இல் நடந்த அகழ் யுத்தம் ஒன்று. முற்றுகையின் நெருக்கடியில் ஒரு நாள் அஸர் தவறிப்போனது. குறைஷியரை ஏசிக்கொண்டு வந்த உமர் (ரழி), சூரியன் மறையப்போகும் வேளையில்தான் தன்னால் தொழ முடிந்தது என்றார். தான் இன்னும் தொழவே இல்லை என்றார்கள் நபியவர்கள். பிறகு புத்ஹானுக்குப் போய் வுழூச் செய்து, சூரியன் மறைந்தபின் முதலில் அஸரையும் அடுத்து மஃரிபையும் தொழுதார்கள். தவறிய தொழுகைகளை வரிசைப்படி தொழுவது ஹனபிகளிடம் வாஜிப், ஷாபிஈகளிடம் சுன்னத். இரு தரப்பாரும் இந்த நாளைத்தான் காட்டுகிறார்கள்.

மற்றது கைபரிலிருந்து திரும்பிய பயணம், ஹிஜ்ரி 7. இரவு முழுக்கப் பயணித்த களைப்பில் படை தூங்கியது. காவலுக்கு நின்ற பிலால் (ரழி) வைகறையை எதிர்பார்த்து ஒட்டகத்தில் சாய்ந்திருந்தவர், அப்படியே கண்ணயர்ந்தார். வெயில் பட்ட பிறகுதான் எல்லோரும் விழித்தார்கள். நபியவர்கள் அந்த இடத்திலேயே தொழவில்லை. வாகனங்களை ஓட்டச் சொல்லி, சற்றுத் தூரம் போனபின் சுபஹைத் தொழவைத்தார்கள்.

ஏன் நகர்ந்தார்கள்? இங்கேதான் மத்ஹபுகள் பிரிகின்றன. உதயத்தின் தடுக்கப்பட்ட நேரம் கழியட்டும் என்றுதான் தாமதித்தார்கள் என்பது ஹனபி விளக்கம். சூரியன் உயர்ந்தபின் இறங்கித் தொழுததாக வரும் அபூகதாதா (ரழி) அவர்களின் அறிவிப்பு அதற்குத் துணை. எனவே அந்த மூன்று நேரங்களிலும் களாவும் கூடாது; அன்றைய அஸர் மட்டும் விதிவிலக்கு. ஷாபிஈகளோ, வெயிலின் சூடு எழுப்பியதென்றால் உதய நேரம் ஏற்கெனவே போய்விட்டது என்கிறார்கள். அது ஷைத்தான் வந்த இடம் என்று நபியவர்களே சொன்னதுதான் நகர்ந்த காரணம். ஆகவே காரணமுள்ள தொழுகை எந்த நேரத்திலும் ஆகும். தடுக்கப்பட்ட நேரத்தையே வேண்டுமென்று தேடிப் பிடிக்காமலிருந்தால் சரி. ளுஹருக்குப் பிந்திய இரண்டு ரக்அத்கள் தவறியபோது நபியவர்கள் அஸருக்குப் பின் அவற்றைத் தொழுததாக உம்மு ஸலமா (ரழி) சொல்வதும் அவர்களுக்கு ஆதாரம்.

வேண்டுமென்றே விட்ட தொழுகைக்குக் களாவே இல்லை, தவ்பாதான் என்று இப்னு ஹஸ்மும் இப்னு தைமிய்யாவும் சொன்னது தனி வாதம். நான்கு மத்ஹபுகளும் களாவைக் கடமை என்றே கொள்கின்றன.

இப்போது அந்த நாட்டாமைக் காக்காவிடம் திரும்புவோம். அவர் தொழ எழும்பியது அஸருக்குப் பின், வெயில் மஞ்சளாகுமுன். அந்த நேரத்தில் பர்ளைக் களாச் செய்ய ஷாபிஈ மத்ஹபும் இடம் தருகிறது, ஹனபி மத்ஹபும் இடம் தருகிறது. இரு மத்ஹபும் வேறுபடுவது சூரியன் உதிக்கும், உச்சியில் நிற்கும், மறையும் அந்தக் கொஞ்ச நேரங்களில்தான். நம் நாட்டில் பெரும்பாலோர் ஷாபிஈகள். கொழும்பிலோ மேமன்களும் தென்னிந்திய வழியினரும் ஹனபிகளாக அதே ஸப்பில் நிற்கிறார்கள். இருவரில் யாரும் அந்தப் பெரியவரைத் தடுத்திருக்க வேண்டியதில்லை.

ஹதீஸில் பாதியைத் தெரிந்துகொண்டு அடுத்தவர் கையைப் பிடிக்குமுன், மீதிப் பாதியையும் கேட்டுக்கொள்வது நல்லது. அன்று மஃரிபுக்கு நானும் அதே பள்ளியில்தான் இருந்தேன். அந்தப் பெரியவரைக் காணவில்லை.